வீட்டுச் சுவரில் இருக்கும் கடல்

வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் 31 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூமியைப் பற்றிச் சொல்லித்தருவதில் எங்கே தடுக்குகிறது என்று எழுதச் சொல்லிப் போன மாதம் கேட்டிருந்தேன். மண், நீர், காற்று, உயிர் எல்லாம் ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதில் நாம் எங்கே கை வைத்தோம் என்பதை 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே நிறைய இடம் போய்விடும். அதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

*

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் நான்கு பாடமும் மனப்பாடம். ‘இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை’ என்று பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, “அப்படின்னா என்னம்மா?” என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?
— ஒரு தாய், திருச்சி

மார்க் வாங்கிய பிறகும் கேட்கிறாள் பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நான்காகப் பிரித்துப் பாடம் எழுதியதில் தப்பில்லை. புத்தகம் என்றால் ஒன்றை முதலிலும் ஒன்றைப் பின்னாலும்தானே அச்சடிக்க முடியும்? ஆனால் வெளியே போய் ஒரு பிடி ஈரமண்ணை அள்ளினால், பாறைத்தூளும் தண்ணீரும் காற்றும் புழுவும் ஒன்றாகத்தான் கைக்கு வருகின்றன. அதனால் நான் நான்கிலிருந்து தொடங்குவதே இல்லை. ஒரே ஒரு பொருளைக் கையில் கொடுப்பேன். இது எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது, இனி எங்கே போகும் என்று அதன் பின்னாலேயே போகச் சொல்வேன். நான்கு கோளமும் தாமாக வந்து சேரும்.

என் பொருள் ஒரு கல். கீழக்கரைப் பக்கம் என் தாத்தா கட்டிய வீட்டின் பின்சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து உள்கல் தெரியும். செங்கல் இல்லை, கருங்கல்லும் இல்லை. வெளுத்துப்போன தேன்கூடு மாதிரி, முகம் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். முருகைக்கல். அதாவது பவளப்பாறை. எங்கள் கரையில் பழைய வீடுகள் பலவற்றின் அஸ்திவாரத்தில் இதுதான் கிடக்கிறது.

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பை அந்தச் சுவருக்குக் கூட்டிப்போவேன். “தொட்டுப் பாருங்கள். இது கல்லா, உயிரா?” வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு வருஷம் ஒரு பையன், “உயிர் கட்டின கல்லு டீச்சர்” என்றான். அதற்கு மேல் நான் திருத்த ஒன்றும் இல்லை.

கட்டியது எது? கரையில் ஒதுங்கும் சொறிமீனுக்குச் சொந்தக்காரன், குண்டூசித் தலை அளவில்கூட இருக்கும், மெத்தென்ற உடம்புள்ள ஒரு பிராணி. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கிறது. சரி, அந்தக் கால்சியம் கடலுக்கு எப்படி வந்தது? இங்கேதான் பிள்ளைகளின் முகம் மாறும். மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. அது பொதிகை மலைப் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. கரைந்ததைத் தாமிரபரணி சுமந்துபோய்ப் புன்னைக்காயலில் கடலில் சேர்க்கிறது. உலகத்து ஆறுகள் எல்லாமே கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதைச் செய்கின்றன. மலை கரைந்து கடலாகி, கடலுக்குள் ஓர் உயிர் அதைத் திரும்பக் கல்லாக்குகிறது.

அந்தப் பிராணி தனியாகவும் இல்லை. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கிறது. பவளத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பங்கு, 90 சதவீதம் வரைக்கும், அந்தச் சமையலிலிருந்தே வருகிறது. அதனால்தான் பவளம் வெளிச்சம் இறங்கும் தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரைத் தேடுகிறது. ஆற்று வண்டல் வந்து மூடினால் செத்துப்போகும்.

எங்கள் கடல்காரர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். அலை பாரில் மோதி உடையும். பவளமும் உடையும். கிளிமீன் பாறையைக் கொறித்துச் சுண்ணாம்பை மணலாகக் கழித்துவிட்டுப் போகும். பெரிய மீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைப் போடும். இந்த உடைசலும் மணலும் ஒதுங்கி ஒதுங்கித் தீவாகிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள். விலாங்குசல்லி, காரியாசல்லி, புழுவினிசல்லி என்று பேரிலேயே சல்லி கிடக்கிறது. வெளிக்கடலிலிருந்து வரும் அலை முதலில் பாரில் அடிபடும், அப்புறம் தீவில் அடிபடும், கரைக்கு வரும்போது தணிந்திருக்கும்.

இப்போது மனிதன் வருகிறான். எங்கள் ஊரில் அதற்குக் கல்லெடுப்பு என்று பெயர். பாருக்கு வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்து ஏற்றி வருவார்கள். நல்ல கல் கட்டடத்துக்கு, மற்றது சுண்ணாம்புக் காளவாய்க்கு, தொழிற்சாலைகளுக்கும் கொஞ்சம். பல பத்தாண்டுகள் இது நடந்தது. பார் தேய்ந்ததும் அலையைத் தடுக்க ஆளில்லை, தீவுக்குப் புது மணல் கொடுக்கவும் ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. இரண்டு பேரையும் கரும்பலகையில் எழுதி, “இவை இப்போது எங்கே?” என்று கேட்பேன். சுவரைக் கைகாட்டப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இதன் விலை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஹிக்கடுவையில் பவளப்பாறை பாதுகாப்பில் இருந்தது. சுனாமி அங்கே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தோடு கரையருகிலேயே அடங்கியது. சில கிலோமீட்டர் வடக்கே பெரேலியாவில், பவளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்த இடத்தில், சுமார் பத்து மீட்டர் அலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனது. ரயில் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களோடு அங்கேதான் புரண்டது. கடலடியின் வடிவமும் காரணம், பவளம் மட்டும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும் பழக்கம் இந்த வயதில் ஒட்டினால் பின்னால் போகாது.

மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. கல்லெடுப்பு குறைந்து, 2005 வாக்கில் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1998, 2010, 2016 கோடைகளில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி, வாரக்கணக்கில் அப்படியே நின்றது. சூடு தாங்காத பவளம் உள்ளே குடியிருந்த பாசியை வெளியேற்றி வெளுத்துப்போனது. சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும். தாமதமானால் பவளம் பட்டினியில் சாகும். இந்த முறை கடப்பாரை எங்கள் கரையிலிருந்து போகவில்லை. உலகம் முழுக்க எரித்த எரிபொருளின் புகை பூமியில் தேக்கிவைத்த கூடுதல் சூட்டில் சுமார் 90 சதவீதத்தை வாங்கிக்கொண்ட கடல்தான் அதைக் கொண்டுவந்தது.

ஒரு கல்லுக்குள் இவ்வளவு. உங்கள் ஊரில் முருகைக்கல் கிடைக்காது, ஆனால் காவிரி மணல் இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து மகள் கையில் கொடுங்கள். எந்த மலைப் பாறை இது? எத்தனை மழை இதை உடைத்தது? 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு இந்த மாதிரி மணலும் வண்டலும் அணைக்குப் பின்னால் எவ்வளவு நின்றுபோகிறது? ஆற்றுப் படுகையில் மணல் இருந்தால் பக்கத்துக் கிணறு ஏன் ஊறுகிறது, அள்ளிவிட்டால் ஏன் வற்றுகிறது? உங்கள் வீட்டுத் தூணில் எத்தனை லோடு போயிருக்கும்? பதிலை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டாம். இரண்டு பேருமாகத் தேடுங்கள்.

*

கேள்வி: மலையடிவாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒரு வகுப்பில் 52 பேர். சுற்றுலா கூட்டிப்போகப் பணமில்லை, ஆய்வுக்கூடம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. காற்றில் சேரும் கரியமில வாயு கடலையும் தொடும் என்பதைக் கடலே பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவேன், டீச்சர்?
— ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

தம்பி, பத்து ரூபாய்க்கு வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்குங்கள். ஈரமாக, புதிதாக இருக்க வேண்டும். காய்ந்து கட்டியானது ஆகாது.

முதல் நாள் சாயங்காலமே ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் குலுக்கி மூடி வைத்துவிடுங்கள். காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். அடியைக் கலக்காமல் மேல்நீரை மெதுவாக இறுத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். அதில் பாதி டம்ளர், நல்ல தண்ணீர் பாதி டம்ளர். பார்ப்பதற்குக் குடிநீர் மாதிரியே இருக்கும் என்பதால் முதலில் எச்சரிக்கை சொல்லிவிடுங்கள்: இது வாயையும் கண்ணையும் எரிக்கும், உறிஞ்சவே கூடாது, உறிஞ்சுகுழல் வழியாக ஊத மட்டும்தான் வேண்டும். நீங்கள் ஒரு தடவை ஊதிக் காட்டிவிட்டு, நிதானமான பிள்ளை ஒன்றைக் கூப்பிடுங்கள்.

ஊத ஊதத் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, மூச்சில் கரியமில வாயு இருப்பதற்கு அதுதான் சாட்சி. பெரும்பாலும் வகுப்பு இங்கேயே முடிந்து டம்ளரைக் கழுவிவிடுவார்கள். நீங்கள் கழுவாதீர்கள். அந்த வெள்ளை என்ன என்று கேளுங்கள். கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதுதான், சிப்பியும் அதுதான், பவளம் கட்டும் வீடும் அதுதான். இப்போது கரியமில வாயுவிலிருந்து ஒரு கல் பிறந்ததை 52 பேரும் பார்த்தாகிவிட்டது.

அப்புறம் இன்னும் ஊதச் சொல்லுங்கள். ஆள் மாற்றி மாற்றி, பொறுமையாக. பல நிமிஷம் ஆகும். வெள்ளை மெல்லக் குறைந்து, தண்ணீர் திரும்பத் தெளியத் தொடங்கும். கல்லைப் பிறப்பித்த அதே வாயு, அளவு மீறினால் கல்லைக் கரைக்கிறது. என் வகுப்பில் முதல் தடவை இது நடந்தபோது பின்பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் மேசையைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். மணி அடித்தும் யாரும் போகவில்லை.

ஒரு விஷயத்தைத் தவறாமல் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் டம்ளர் இல்லை. நாளைக்கே பவளமெல்லாம் கரைந்துவிடும் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உள்வாங்குகிறது. அதனால் தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் இன்று 8.1 அளவில் இருக்கிறது. பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் அளவுகோல், எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். கடல்நீர் இன்னும் காரம்தான். ஆனால் வீடு கட்டக் கிடைக்கும் கார்பனேட் குறைந்துவிட்டதால் பவளத்துக்கும் சிப்பிக்கும் கட்டுமானச் செலவு ஏறிவிட்டது. வீட்டில் சிமென்ட் விலை ஏறியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

*

கேள்வி: நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றனவே, அவற்றைக் காட்டினால் போதாதா?
— ஒரு தந்தை, ஓசூர்

காட்டுங்கள். ஆனால் ஏதாவது ஒன்றைத் தொட்ட பிறகு காட்டுங்கள். சுவரைத் தடவிப் பார்த்த பிள்ளை கடலடிப் படத்தைப் பார்க்கும் விதமே வேறு. தொடாத பிள்ளைக்கு அது இன்னொரு படம், அவ்வளவுதான்.

*

கேள்வி: எனக்கு வயது 16. பருவநிலை எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்தது, எரிமலையும்தான் கரியமில வாயுவை விடுகிறது, மனிதன் மேல் பழி போடுவது அரசியல் என்று என் மாமா சொல்கிறார். வகுப்பில் இதைக் கேட்டேன். “பாடத்தைப் படி” என்று உட்கார வைத்துவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?
— ஒரு மாணவர், சேலம்

தப்பே இல்லை, தம்பி. கேட்டவரை உட்கார வைத்ததுதான் தப்பு.

மாமா சொன்னதில் முதல் பாதி உண்மை. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வந்தால் கடல்மட்டத்துக்கு மேலே காய்ந்து நிற்கும் பழைய பவளத் திட்டைப் பார்க்கலாம். பவளம் தண்ணீருக்குள்தான் வளரும். ஆக, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அனல்மின் நிலையம் ஏது?

எரிமலை விஷயத்துக்குக் கணக்குப் போடலாம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து மனிதர்கள் ஒரு வருஷத்தில் வெளியேற்றும் கரியமில வாயு 3,500 கோடி டன்னுக்கு மேல். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். சொல்லப்போனால், பெரிய எரிமலை உடனடியாகச் செய்வது நேர்மாறான வேலை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது மேலே போன கந்தகம் வெயிலை மறைத்து, அடுத்த வருஷம் பூமியின் சராசரி வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி குறைத்தது. பாறைக்குள் நடந்த ஒன்று காற்றைத் தொட்டு, கடலைத் தொட்டு, வயல் வரைக்கும் வந்த கதை அது. தேடிப் படி, உனக்குப் பிடிக்கும்.

காற்றில் ஏறிய கரி (கார்பன்) யாருடையது என்பதற்குக் கைரேகையும் இருக்கிறது. உயிருள்ளவற்றின் கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சியிருக்க வழியே இல்லை. காற்றில் கார்பன்-14 நீர்த்துப்போவதை 1950களிலேயே அளந்துவிட்டார்கள். பழைய கரி வந்து கலக்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் எரிமலை விடும் கரியிலும் கார்பன்-14 கிடையாதே என்று மாமா மடக்குவார். மடக்கினால் நல்ல கேள்வி என்று சொல்லு, சொல்லிவிட்டு நூற்றில் ஒரு பங்கு கணக்கை எடுத்துக் காட்டு.

அப்புறம் வேகம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாப் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளை வைத்து எட்டு லட்சம் ஆண்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு தடவைகூட 300ஐத் தாண்டிப் போனதில்லை. கடைசிப் பனியுகம் முடிந்தபோது 80 பங்கு போல ஏறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நாம் 140 பங்கு ஏற்றியது இருநூற்றுச் சொச்சம் ஆண்டில். பவளமும் காடும் நிதானமான மாற்றத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கின்றன. இந்த வேகத்துக்கு அவற்றால் ஓட முடியவில்லை.

மாமாவிடம் சண்டைக்குப் போகாதே. ‘எப்போதும் மாறித்தான் இருக்கிறது, எந்த வேகத்தில் மாமா?’ என்று கேள்.

*

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, “எல்லாம் அழியத்தானே போகுது, படிச்சு என்ன ஆகப்போகுது பாட்டி?” என்கிறாள். ராத்திரி தூங்குவதில்லை. சுற்றுச்சூழல் பாடமே இவளுக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது.
— ஒரு பாட்டி, காரைக்குடி

அம்மா, முதலில் தூக்கம். பல நாளாகத் தூங்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதைப் பாடத்தின் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை, எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மேலும் குறை இருக்கிறது. உடைந்ததை விலாவாரியாகச் சொல்கிறோம், சரிசெய்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். பேத்தியிடம் ஓசோன் கதையைக் கேளுங்கள். பாதிதான் தெரிந்திருக்கும். ஃப்ரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் ஓசோனை அரிக்கும் என்று மொலினாவும் ரௌலண்டும் 1974இல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் மெலிந்திருப்பது 1985இல் வெளியானது. 1987இல் அந்த மாதிரி வாயுக்களைக் குறைக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம். பின்னால் உலக நாடுகள் அத்தனையும் அதில் சேர்ந்தன. இப்போது ஓசோன் படலம் தேறிவருகிறது. இதே போக்கில் போனால் 2066 வாக்கில் அண்டார்டிகாவுக்கு மேலும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பேத்திக்கு அப்போது உங்கள் வயது இருக்கும்.

எங்கள் பக்கத்துச் செய்தியும் ஒன்று. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு அலையில் கரைந்து கரைந்து துண்டாகிக்கொண்டிருந்தது. 2015லிருந்து அதன் முன்னால் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து தீவோரம் மணல் ஒதுங்கத் தொடங்கியது, திட்டுகளில் மீனும் கூடியது. இதனால் கடல் சூடாவது நின்றுவிடவில்லை, உண்மைதான். ஆனால் அந்தத் தீவு இன்னும் இருக்கிறது. கடல் உயிரியலும் கடல்சார் பொறியியலும் படித்தவர்கள் சேர்ந்து செய்த வேலை இது. படிச்சு என்ன ஆகப்போகுது என்று பேத்தி திரும்பக் கேட்டால், இந்த வேலையைச் சொல்லுங்கள்.

*

கேள்வி: நான் ஓர் அனல்மின் நிலையத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியில் பருவநிலை மாற்றம் நடத்திய பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. “நீங்கதான் அப்பா காரணம்” என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அந்தச் சம்பளத்தில்தான் அவன் படிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
— ஒரு தந்தை, தூத்துக்குடி மாவட்டம்

இந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

மேலே கல்லெடுப்பு பற்றி எழுதினேன் அல்லவா. என் அப்பா கல்லெடுக்கப் போனவர். விடிவதற்கு முன் வள்ளத்தில் ஏறி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடப்பாரையால் பார் பெயர்த்தவர். காலெல்லாம் கல் கிழித்த தழும்பு. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். சுவரைக் காட்டிப் பாடம் நடத்தத் தொடங்கிய முதல் சில வருஷங்கள் இதை நான் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ‘மனிதர்கள் வெட்டினார்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு வருஷம் ஒரு மாணவி கேட்டுவிட்டாள்: “யார் டீச்சர் வெட்டினாங்க?” என் அப்பா என்று சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் அவளே, “அப்போ நீங்க படிச்சது அந்தக் கல்லுக் காசுலயா?” என்றாள். “ஆமாம்மா, அந்தக் காசுலதான்” என்றேன். அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கதையை எடுத்தது. ஒருத்தன் தாத்தா காளவாயில் வேலை செய்தவர். ஒருத்தியின் அம்மா தீவோரம் பாசி எடுப்பவர். இன்னொருத்தன் அப்பாவின் விசைப்படகு இழுவலை அடிக்கடலை வழித்துக்கொண்டு போவது. பாடப்புத்தகத்தில் ‘மனிதச் செயல்பாடுகள்’ என்று இருக்கும் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த வகுப்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்டியவர் ஒருத்தர், கட்டியவர் ஒருத்தர், அந்த வீட்டில் தூங்கியவர்கள் நாங்கள் எல்லோரும்.

உங்கள் மகன் கண்டுபிடித்தது பொய் இல்லை. அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் அவன் கணக்கு பாதியில் நிற்கிறது, மீதியைப் போட உங்களைவிடத் தகுந்த ஆள் அவனுக்குக் கிடைக்க மாட்டார். வீட்டு மின் கட்டணக் கணக்கை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நிலக்கரி என்று அவன் உங்களிடம் கேட்கட்டும். சுமார் 700 கிராம் என்பது நான் படித்த கணக்கு. உங்களுக்கு உங்கள் கொதிகலனின் கணக்கே தெரிந்திருக்கும். முழுதும் நிலக்கரியிலிருந்து வந்தது என்று கொண்டால் 280 கிலோ. அவன் ஃபோன் சார்ஜ், அவன் மின்விசிறி, அவன் அம்மாவின் மிக்ஸி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். தலைக்கு இத்தனை டன் என்று பார்த்தால் இந்தியர் ஒருவரின் கரியமில வாயுக் கணக்கு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்லுங்கள். இரண்டுமே உண்மை. ஒன்றை வைத்து மற்றதை மறைக்க வேண்டாம்.

சாம்பல் எங்கே போகிறது, குளிர்விக்க எடுத்த கடல்நீர் எந்தச் சூட்டில் திரும்பக் கடலுக்குப் போகிறது, புகைபோக்கியில் என்ன பிடிக்கிறார்கள், எது தப்பிப்போகிறது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 22 வருஷம் உள்ளே நின்று பார்த்த ஒருவர் சொல்லும் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நாட்டின் முதல் காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று 1986இல் நம் தூத்துக்குடியில்தான் நின்றது. அப்போது எங்கள் ஊர்க் கடல்காரர்கள் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றைத் திட்டுவார்கள், தொழிலுக்குப் போகவிடாது என்று. அதே கச்சான் இன்றைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கி ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனி, ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து, அந்தக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் போய் வாருங்கள். காற்று நின்றால் மின்சாரத்துக்கு என்ன செய்வது என்று அவன் கேட்பான். தினமும் அந்தப் பிரச்சினையோடு வேலை செய்தவர் நீங்கள். உங்களிடம் சொல்ல இருக்கும்.

பேசினானா என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.